வெட்டுப்புள்ளியும் தகுதிக்கோடும்: வலையமைப்புச் சான்றிதழ்ப் பரீட்சையின் புள்ளிமுறையும் அதற்கான ஆயத்தமும்

(ருவான்வெல்லையில், உயர்தரப் பரீட்சை எழுதிய தோட்டப்புற மாணவருக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கணினி வலையமைப்புத் துறையின் நுழைவுநிலைச் சான்றிதழ்ப் பரீட்சைகள், இலங்கைப் பாடசாலை மாணவர் பழகிவந்த பரீட்சைகளினின்றும் வேறானதோர் அடிப்படையில் அமைந்தவை. அந்த வேறுபாட்டை அறியாமல் அவற்றுக்கு ஆயத்தம் செய்பவர், திறமையிருந்தும் உழைப்பிருந்தும் தவறான திசையில் நாட்களைச் செலவிட நேர்கிறது. கணினிகளையும் தொலைபேசிகளையும் ஒன்றோடொன்று இணைத்துத் தரவு பரிமாறச் செய்யும் ஏற்பாடே வலையமைப்பு எனப்படும். அதை அமைக்கவும் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் ஒருவருக்கு அடிப்படை அறிவு உண்டு என்பதற்கு அத்தாட்சியாக, சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ, காம்ப்டியா அமைப்பின் நெட்வேர்க் பிளஸ் ஆகிய சான்றிதழ்கள் உலகின் பல நாடுகளில் ஏற்கப்படுகின்றன. இப்பரீட்சைகளில் புள்ளி எவ்வாறு பிறக்கிறது என்பதையும், அந்த அறிவு ஆயத்தத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதையும், ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதித் தோட்டங்களில் வளர்ந்த இளைஞரின் நிலையை மனத்திற்கொண்டு விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

1. இருவகை அளவீடு

உயர்தரப் பரீட்சை எழுதிய எந்த மாணவருக்கும் இசட் புள்ளி புதிதன்று. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு அடிப்படையாக உள்ள இம்முறையில், ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரி கழிக்கப்பட்டு, எஞ்சுவது நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணால், வகுக்கப்படுகிறது. சராசரி 40 ஆகவும் நியம விலகல் 15 ஆகவும் உள்ள பாடத்தில் 70 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி 2.0, சராசரி 55 ஆகவும் நியம விலகல் 10 ஆகவும் உள்ள வேறொரு பாடத்தில் அதே 70ஐப் பெற்றவரின் இசட் புள்ளி 1.5 மட்டுமே. ஆகவே இசட் புள்ளி என்பது மாணவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதைக் காட்டிலும், உடன் எழுதியோரிடையே அவர் எங்கே நிற்கிறார் என்பதையே சொல்கிறது.

அந்த நிலையும் தனித்து நிற்பதன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி விதிகளின்படி 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீத இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீத இடங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. சப்ரகமுவ மாகாணத்தின் இரு மாவட்டங்களில் இரத்தினபுரி அப்பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இடம்பெறுகிறது, ருவான்வெல்லை அடங்கும் கேகாலை இடம்பெறுவதில்லை. இதனால், ஒரே வகையான லயத்தில் வளர்ந்து ஒரே வகையான தோட்டப் பாடசாலையில் பயின்ற இருவர், மாவட்ட எல்லையின் இருபுறத்தில் இருப்பதாலேயே வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளை, அதாவது அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்ச இசட் புள்ளிகளை, எதிர்கொள்ள நேரிடலாம். இத்தகைய சூழலில் வளரும் மாணவர், பரீட்சை என்றாலே இடங்கள் குறைவு, போட்டியாளர் அதிகம், ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்குவார் என்று எண்ணிப் பழகுவது இயல்பு.

சான்றிதழ்ப் பரீட்சையில் இவ்வெண்ணத்துக்கு இடமில்லை. அங்கே பரீட்சார்த்தி பிறரோடு ஒப்பிடப்படாமல், முன்னரே வரையறுக்கப்பட்ட ஒரு தகுதிக்கோட்டோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறார். இவ்விரு வகை அளவீட்டையும் பிரித்துக் காட்டி, பின்னையதற்குத் தனிப்பெயர் வழங்கியவர் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரொபர்ட் கிளேசர். 1963இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பின்னர், பிறரை அளவுகோலாகக் கொள்ளும் முறை ஒன்றாகவும், வரையறுத்த தகுதியை அளவுகோலாகக் கொள்ளும் முறை மற்றொன்றாகவும் கல்வி அளவீட்டுத் துறையில் நிலைபெற்றன. இலங்கையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்காக மதிப்பிடப்படுவோருக்குப் பின்னைய முறை அறிமுகமானதே. அங்கும் ஒருவர் வரையறுத்த வேலையைச் செய்யத் தேர்ச்சி பெற்றவரா, இன்னும் பெறாதவரா என்பதே கேள்வி, எத்தனையாவது ஆள் என்பது கேள்வியன்று. ஒரே நாளில் நூறு பேர் எழுதி நூறு பேரும் கோட்டைத் தாண்டினால் நூறு பேரும் சித்தியடைவர். எவரும் தாண்டாவிட்டால் எவரும் சித்தியடையார். கேகாலை என்றோ கொழும்பு என்றோ அக்கோடு வளைவதில்லை.

2. கோடு எங்கே இடப்படுகிறது

அக்கோட்டை இடும் முறைகளில் மிகப் பரவலாகக் கையாளப்படுவது, வில்லியம் அங்கொஃப் என்பவரின் பெயரால் வழங்குவதும் அவர் 1971இல் எழுதிய அத்தியாயம் ஒன்றிலிருந்து வளர்ந்ததுமான முறையாகும். துறையில் வேலை செய்து தேர்ந்தவர்கள் ஒன்றுகூடி, வேலைக்கு மட்டுமட்டாகப் போதுமான அறிவுள்ள ஒருவரை மனத்தில் உருவகித்து, அத்தகையோர் நூறு பேரிடம் இவ்வினாவைக் கொடுத்தால் எத்தனை பேர் சரியாக விடையளிப்பர் என்று ஒவ்வொரு வினாவுக்கும் மதிப்பிடுகின்றனர். முதல் வினாவுக்கு 90, இரண்டாவதற்கு 70, மூன்றாவதற்கு 50 என்று மதிப்பிடப்பட்டால், மூன்று வினாவில் 2.1 என்பதே எதிர்பார்க்கத்தக்க குறைந்தபட்சப் புள்ளியாகும். வினாத்தாள் முழுவதற்கும் இவ்வாறு கூட்டிவருவதே தகுதிக்கோட்டுக்கு அடிப்படையாகிறது.

இதிலிருந்து ஆயத்தம் செய்பவர் அறியவேண்டியது ஒன்று உண்டு. கோட்டை இடுவோர் அறிஞர் ஒருவரையும் நினைப்பதில்லை, மனப்பாடம் செய்த மாணவர் ஒருவரையும் நினைப்பதில்லை; ஓர் அலுவலகத்தில் வலையமைப்பு செயலிழந்தபோது அழைக்கப்படும் புதிய தொழினுட்ப உதவியாளரையே நினைக்கின்றனர். அந்த உதவியாளர் அறிந்திருக்கவேண்டியவற்றை அறிந்திருந்தால் போதும். எல்லா வினாவுக்கும் விடை தெரிந்திருக்கவேண்டும் என்று பரீட்சையே எதிர்பார்ப்பதில்லை.

3. அளவுப்படுத்திய புள்ளி

நெட்வேர்க் பிளஸ் பரீட்சையின் புள்ளிகள் 100 முதல் 900 வரையான அளவில் தரப்படுகின்றன. சித்திக்கு 720 வேண்டும். இதைக் காணும் மாணவர் பலர் 720ஐ 900ஆல் வகுத்து, 80 சதவீத வினாக்களுக்குச் சரியான விடை தேவை என்று முடிவுகட்டுகின்றனர். அளவு 100இல் தொடங்குவதால் அவ்வகுத்தலே பொருந்தாது. தொடக்கத்தைக் கழித்து 620ஐ 800ஆல் வகுத்தால் 77.5 வரும், ஆனால் அதுவும் சரியான விடைகளின் சதவீதமாகாது. 720 என்பது விடைகளை எண்ணிப் பெற்ற தொகையல்ல. எண்ணிப் பெற்ற தொகையை வேறோர் அளவுக்கு மாற்றிப் பெற்ற எண். இதுவே அளவுப்படுத்திய புள்ளி எனப்படுவது.

மாற்றவேண்டிய தேவை ஏன் எழுகிறது என்பதை இறப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் எளிதில் உணரலாம். பால் வெட்டும் இருவர் ஒரே அளவு லீற்றர் பால் கொண்டுவந்தாலும், ஒருவரது பால் மழைநீர் கலந்து நீர்த்ததாக இருக்கலாம். ஆதலால் லீற்றர் அளவோடு நில்லாமல், மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் காய்ந்த இறப்பர் எவ்வளவு என்று கணித்தே கணக்கு எழுதப்படுகிறது. சான்றிதழ்ப் பரீட்சையிலும் அனைவருக்கும் ஒரே வினாத்தாள் கிடைப்பதில்லை. வினா வங்கியிலிருந்து தொகுக்கப்படும் பல வடிவங்களில் ஒன்று சற்று எளிதாகவும் மற்றொன்று சற்றுக் கடினமாகவும் அமைவது தவிர்க்கமுடியாதது. எளிய வடிவத்தில் 80க்கு 62 விடைகளும் கடினமான வடிவத்தில் 80க்கு 58 விடைகளும் ஒரே தகுதியைக் காட்டுமெனில், அவ்விரண்டும் 720 என்ற ஒரே எண்ணாக மாற்றப்படும். இங்கே தரப்பட்ட 62உம் 58உம் விளக்கத்துக்கான எண்களே. இவ்வாறு வடிவங்களைச் சமன்செய்வதால், எந்த வடிவம் வாய்த்தது என்ற அதிர்ஷ்டம் பெறுபேற்றைத் தீர்மானிப்பதில்லை.

வெவ்வேறு தாள்களை எழுதியோரை முறையின்றி ஒன்றாகக் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலுமாக இரு சாரார் தோற்றினர். இரு சாராரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டமை பெரும் சர்ச்சைக்குள்ளாகி, 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைச் செல்லுபடியற்றதாக்கி மீண்டும் கணிக்குமாறு பணித்தது. வேறுபட்ட தாள்களின் புள்ளிகளை எந்த நியாயத்தின்படி ஒரே வரிசையில் வைக்கலாம் என்பது ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வாழ்வைத் தொடும் கேள்வி என்பதை அவ்வழக்கு நாட்டுக்கு உணர்த்தியது. சான்றிதழ்ப் பரீட்சையின் அளவுப்படுத்தல், அக்கேள்விக்குப் பரீட்சையை நடத்துவோர் முன்கூட்டியே தரும் விடையாகும்.

சிஸ்கோ நிறுவனம் சிசிஎன்ஏ பரீட்சையின் சித்திப் புள்ளியை வெளியிடுவதில்லை. அது முன்னறிவித்தலின்றி மாறலாம் என்றே அறிவித்துள்ளது. இத்தனை எடுத்தால் போதும் என்று வாய்மொழியாகப் பரவும் எண்களை நம்பித் திட்டமிடுவது வீண். மேலும், சில வினாக்கள் எதிர்காலத் தாள்களுக்காகப் பரிசோதிக்கப்படுபவையாக, புள்ளியில் சேராதவையாக இருக்கலாம். எது அத்தகையது என்று பரீட்சார்த்திக்குத் தெரியாது. ஆகவே பாடத்தில் எங்கும் காணாத விநோதமான வினா ஒன்று எதிர்ப்பட்டால் மனந்தளராமல் கடந்துசெல்வதே அறிவு. நெட்வேர்க் பிளஸ் பரீட்சையில் தவறான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லையாதலால் எந்த வினாவையும் வெறுமையாக விடலாகாது.

4. பரீட்சைகளின் அமைப்பும் நிறையும்

காம்ப்டியாவின் நெட்வேர்க் பிளஸ் பரீட்சை எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 வினாக்கள் கேட்கப்படும். 2024 ஜூனில் அறிமுகமான என்10-009 என்னும் பதிப்பில் வலையமைப்புக் கருத்துகளுக்கு 23 சதவீதமும், நடைமுறைப்படுத்தலுக்கு 20 சதவீதமும், செயற்பாட்டுப் பராமரிப்புக்கு 19 சதவீதமும், பாதுகாப்புக்கு 14 சதவீதமும், பழுது கண்டறிதலுக்கு 24 சதவீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன. சிஸ்கோவின் சிசிஎன்ஏ, 200-301 என்னும் குறியெண் கொண்டது. 120 நிமிடம் நடைபெறுவது. வலையமைப்பு அடிப்படைகளுக்கு 20, வலையமைப்பு அணுகலுக்கு 20, ஐபி இணைப்புக்கு 25, ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15, தன்னியக்கத்துக்கு 10 என்று அதன் நிறைகள் பகிரப்பட்டுள்ளன. இவ்விரண்டுக்கும் முன்படியாக சிஸ்கோ நடத்தும் சிசிஎஸ்டி நெட்வேர்க்கிங் என்னும் 50 நிமிடப் பரீட்சையும் உண்டு. சிசிஎன்ஏ, நெட்வேர்க் பிளஸ் சான்றிதழ்கள் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பிக்கப்படவேண்டும்.

இந்நிறைகளே பரீட்சார்த்தியின் கையில் உள்ள மிக நம்பகமான வரைபடம். சிசிஎன்ஏயின் முதல் மூன்று பிரிவுகள் சேர்ந்து 65 சதவீதமாகின்றன. தன்னியக்கம் புதுமையானது என்ற கவர்ச்சியால் அதிலேயே மாதக்கணக்கில் மூழ்கி, ஐபி முகவரியிடலை அரைகுறையாக விட்டவர் சித்தியடைவது அரிது. நெட்வேர்க் பிளஸில் பழுது கண்டறிதலே மிகப் பெரிய பிரிவு. ஆனால் பாடநூல்களில் அது கடைசி அத்தியாயமாக வருவதால், நேரம் போதாமல் கைவிடப்படுவதும் அதுவே.

பரீட்சை அறையின் ஒழுங்குகளும் ஆயத்தத்தின் பகுதியே. நெட்வேர்க் பிளஸில் ஒரு வினாவைக் குறித்துவைத்துப் பின்னர் திரும்பிவரலாம். செய்முறை வினாக்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வருவதால், அவற்றைக் குறித்துவைத்து, பல்தேர்வு வினாக்களை முடித்தபின் திரும்புவது பலருக்குப் பொருந்தும். சிசிஎன்ஏயில் ஒரு வினாவைக் கடந்தபின் திரும்பமுடியாது. ஆகவே ஒவ்வொரு வினாவிலும் முடிவெடுத்து முன்னேறும் பழக்கத்தைப் பயிற்சியின்போதே கைக்கொள்ள வேண்டும். பாடசாலைத் தாளில் தெரிந்ததை முதலில் எழுதித் தெரியாததைக் கடைசிக்கு விடும் வழக்கம் இங்கே உதவாது.

5. ஒரு வினாவின் உள்ளமைப்பு

வினாக்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அருகிருந்து காணலாம். ஒரு கணினியின் முகவரி 192.168.10.77/26 எனில், அது வலையமைப்பின் எந்த உட்பிரிவை, அதாவது எந்த உபவலையமைப்பைச் சேர்ந்தது என்று கேட்கப்படுவதாகக் கொள்வோம். ஐபி முகவரி என்பது 32 இருமை இலக்கங்கள் கொண்ட எண். அதில் முதல் 26 இலக்கங்கள் வலையமைப்பைக் குறிக்கின்றன என்பதே சாய்கோட்டுக்குப் பின்வரும் 26இன் பொருள். எஞ்சும் ஆறு இலக்கங்களால் 64 முகவரிகள் அமையும். ஆகவே கடைசி எண் 0, 64, 128, 192 என்று 64 வீதம் தாவும் நான்கு பிரிவுகள் உண்டாகின்றன. 77 என்பது 64க்கும் 127க்கும் இடைப்பட்டதாதலால் விடை 192.168.10.64 ஆகும். அப்பிரிவின் முதல் எண்ணான 64 வலையமைப்பின் பெயராகவும், இறுதி எண்ணான 127 அனைவருக்கும் ஒரே வேளையில் செய்தி அனுப்பும் முகவரியாகவும் ஒதுக்கப்படுவதால், கணினிகளுக்கு வழங்கக்கூடியவை 65 முதல் 126 வரையான 62 முகவரிகளே.

வினாவின் நுட்பம் அதன் தவறான தெரிவுகளில் இருக்கிறது. 192.168.10.0 என்ற தெரிவு, 26ஐக் கவனியாமல் 24 என்று பழக்கத்தால் எண்ணுபவருக்காக வைக்கப்பட்டது, 192.168.10.65 என்பது, பிரிவின் முதல் எண்ணையும் முதல் பயன்படு முகவரியையும் குழப்புபவருக்காக; 192.168.10.72 என்பது, 64 வீதம் தாவவேண்டிய இடத்தில் எட்டு வீதம் தாவுபவருக்காக. ஒவ்வொரு தவறான தெரிவும் ஒரு தவறான சிந்தனையின் முடிவு. ஆகவே மாதிரி வினாவில் பிழைவிட்ட மாணவர் சரியான விடையை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்தால் அவ்வினாவின் பயனில் பாதியை இழக்கிறார். தம்மை இழுத்த தெரிவு எந்தத் தவறான எண்ணத்திலிருந்து பிறந்தது என்று கண்டறிபவரே அதே பிழையை வேறோர் உடையில் சந்திக்கும்போது தப்புகிறார்.

பழுது கண்டறியும் வினா வேறு வகையானது. ஒரு கணினிக்கு இணையம் கிடைக்கவில்லை, அதன் முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்று வினா கூறினால், அவ்வோர் எண்ணிலேயே விடையின் பாதி அடங்கியுள்ளது. கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி என்னும் சேவையை அடைய முடியாதபோது கணினி தானே சூட்டிக்கொள்ளும் முகவரி அது. ஆதலால் இணையத்தளப் பெயர்களை எண்களாக மாற்றும் டிஎன்எஸ் சேவையைச் சோதிக்குமாறு கூறும் தெரிவு முதற்படியாகாது. கேபிளும் டிஎச்சிபி சேவையுமே முதலில் பார்க்கப்படவேண்டியவை. இத்தகைய அறிவு வாசிப்பால் மட்டும் கைகூடுவதில்லை. ஒருமுறையேனும் கேபிளைக் கழற்றிவைத்து, முகவரி மாறுவதைக் கண்ணால் கண்டவருக்கு அது மறப்பதில்லை.

6. மொழி என்னும் படிக்கட்டு

இப்பரீட்சைகள் எவையும் தமிழில் நடத்தப்படுவதில்லை. தமிழ்மொழி மூலம் பயின்ற தோட்டப்புற மாணவருக்கு இதுவே முதன்மையான அச்சமாக இருப்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் அவ்வச்சத்தின் உண்மையான அளவு அறியப்படவேண்டும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழில் பயின்றவர், ஏழடுக்கு மாதிரி, ஐபி முகவரி, உபவலையமைப்பு ஆகிய கருத்துகளை ஏற்கெனவே தம் மொழியில் பெற்றிருக்கிறார். அவருக்கு வேண்டியது கருத்தின் ஆங்கிலப் பெயரே, கருத்தன்று. தமிழில் விளங்கிக்கொண்டு ஆங்கிலப் பெயரைச் சேர்த்துக்கொள்பவர், விளங்காமல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்பவரைவிட உறுதியான நிலத்தில் நிற்கிறார்.

இலக்கியத்தையோ அரசியலையோ ஆங்கிலத்தில் வாசிப்பதைவிட இவ்வினாக்களை வாசிப்பது எளிது. சொற்றொகை சிறியது, வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருவது. ஆனால் சில சிறு சொற்கள் விடையையே மாற்றுபவை. ‘ஃபர்ஸ்ட்’ என்று வந்தால் எதை முதலில் செய்யவேண்டும் என்பதும், ‘பெஸ்ட்’ என்று வந்தால் சரியான தெரிவுகள் பலவற்றுள் மிகப் பொருத்தமானது எது என்பதும், ‘மோஸ்ட் லைக்லி’ என்று வந்தால் பெரும்பாலும் காரணமாக இருக்கக்கூடியது எது என்பதும், ‘நொட்’ என்று வந்தால் பொருந்தாதது எது என்பதும் கேட்கப்படுகின்றன. ‘சூஸ் டூ’ என்று முடியும் வினாவுக்கு இரு தெரிவுகளைக் குறிக்கவேண்டும். நாள்தோறும் பத்து வினாக்களை எடுத்து, விடை காண முற்படாமல், வினா எதைக் கேட்கிறது என்று மட்டும் ஒரு வரியில் தமிழில் எழுதிப் பழகும் மாணவர், சில வாரங்களிலேயே வேகமும் தெளிவும் பெறுவார்.

7. ஆயத்தத்தின் ஒழுங்கு

ஆயத்தத்தின் முதற்படி, பரீட்சை நடத்துவோர் இலவசமாக வெளியிடும் தேர்ச்சிப் பட்டியலைப் பதிவிறக்கி அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே, பிறருக்கு விளக்க முடியும், கேட்டால் விளங்கும், தெரியாது என்ற மூன்றில் ஒன்றைக் குறிப்பதாகும். நிறை அதிகமாகவும் தேர்ச்சி குறைவாகவும் உள்ள வரிகளுக்கே முதல் வாரங்கள் உரியவை. சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமி இலவசமாக வழங்கும் பக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளில் ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் திரையிலேயே இணைத்துப் பழகலாம். சிசிஎன்ஏ அளவிலான செய்முறைக்கு அதுவே பெரும்பாலும் போதும். ஆனால் கையால் செய்யவேண்டிய வேலைகளும் உண்டு. கேபிள் முனையில் செருகியைப் பொருத்தும்போது, டி568பி ஒழுங்கில் வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம் என்று எட்டு இழைகளையும் வரிசைப்படுத்தி நெரித்து, அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தவருக்கு, அவ்வரிசையை எழுதிவைத்து ஒப்பிக்கவேண்டிய தேவை இராது.

இரண்டாவது படி, குழுவாகப் பயில்வது. இதுவரை சொல்லப்பட்ட புள்ளிமுறையின் நேரடிப் பயன் இதுவே. வெட்டுப்புள்ளிப் போட்டியில் தம் குறிப்புகளை ஒளித்துவைக்கும் மாணவருக்கு ஒரு நியாயம் இருக்கலாம். தகுதிக்கோட்டுப் பரீட்சையில் அந்த நியாயம் முற்றாக இல்லாமற்போகிறது. நண்பருக்கு உபவலையமைப்புக் கணக்கை விளக்குபவர் தம் இடத்தை இழப்பதில்லை. விளக்கும் முயற்சியில் தம் அறிவின் ஓட்டைகளை அறிந்துகொள்கிறார். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு பழைய சுவிட்சையும் ஒரு நெரிக்கும் கருவியையும் பொதுவாக வாங்கலாம். ஒருவரது கணினியில் ஐவர் முறைவைத்துப் பழகலாம். இணையச் செலவைப் பகிரலாம். வசதி குறைந்த இடத்தில் கூட்டுப் பயில்வு வெறும் நற்பண்பன்று, வழியும் அதுவே.

மூன்றாவது படி மாதிரிப் பரீட்சை. ஒரே வினாத்தொகுதியை மீண்டும் மீண்டும் எழுதி 95 சதவீதம் எடுப்பது நினைவாற்றலைக் காட்டுமேயன்றித் தேர்ச்சியைக் காட்டாது. முன்பு கண்டிராத தாளை, உரிய நேரத்துக்குள், ஒரே இருக்கையில் எழுதி, தொடர்ந்து இரண்டு மூன்று தாள்களில் 85 சதவீத அளவைத் தொட்டபின்னரே நாள் குறிப்பது பாதுகாப்பானது. இதுவும் நடைமுறைக்கான எல்லையேயன்றிப் பரீட்சை நடத்துவோர் இட்ட விதியன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகுவது முறையான, பயனுள்ள வழி. பரீட்சைகள் திணைக்களமே அவற்றை வெளியிடுகிறது. ஆனால் சான்றிதழ்ப் பரீட்சையின் வினா வங்கி இரகசியமானது. உண்மை வினாக்கள் என்று விற்கப்படும் தொகுப்புகள் திருடப்பட்டவை. அவற்றில் பல விடைகள் தவறானவை. அவற்றைப் பயன்படுத்தியமை தெரியவந்தால் சான்றிதழ் நீக்கப்படலாம், மீண்டும் எழுதத் தடையும் விதிக்கப்படலாம். பாடசாலையின் நல்ல பழக்கமே இங்கே விதிமீறலாகிவிடுவதை ஆசிரியர்கள் மாணவருக்கு முன்கூட்டியே எடுத்துரைக்கவேண்டும்.

8. கட்டணமும் பெறுபேறும்

சிசிஎன்ஏ பரீட்சையின் கட்டணம் 300 அமெரிக்க டொலர். ஒரு டொலருக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டால் அது 90,000 ரூபாயாகிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் ஒரு தாயோ தந்தையோ 66 முழுப் பேருக்கு மேல், அதாவது 66 முழுநாள் வேலைக்கு மேல், போட்டால்தான் ஒரு பரீட்சைக்கு வழி பிறக்கும். சிசிஎஸ்டி பரீட்சையின் கட்டணமான 125 டொலர் ஏறக்குறைய 28 நாட் சம்பளத்துக்குச் சமம். இத்தொகை குடும்பத்தின் வியர்வையாதலால், எழுதித்தான் பார்ப்போமே என்று முயல்வதற்கு இடமில்லை. முதலில் இலவசப் பாடநெறிகளில் தம் ஆர்வத்தைச் சோதித்து, தேவையெனில் சிறிய கட்டணப் பரீட்சையைத் தேர்ந்து, மாதிரித் தாள்களில் எல்லையைத் தொட்டபின்னரே பணம் கட்டவேண்டும்.

சித்தி தவறினால் அதுவே முடிவன்று. சிஸ்கோ பரீட்சையை ஐந்து நாட்களுக்குப் பின் மீண்டும் எழுதலாம். காம்ப்டியாவில் இரண்டாம் முயற்சிக்குக் காத்திருப்பு இல்லை, மூன்றாவதற்கு 14 நாட்கள் உண்டு. அனுமதி இருப்பதாலேயே விரைந்து எழுதவேண்டியதில்லை. முழுக் கட்டணமும் மீண்டும் கட்டவேண்டியதாதலால், பெறுபேற்றுத்தாளை முதலில் அமர்ந்து ஆராயவேண்டும். சிசிஎன்ஏ பெறுபேற்றில் பிரிவுவாரியான சதவீதங்கள் தரப்படுகின்றன. அவற்றைக் கூட்டிச் சராசரி காண்பது பொருளற்றது, ஏனெனில் பிரிவுகளின் நிறை சமமன்று. பத்து வினாக்கள் மட்டும் கொண்ட ஒரு சிறு பிரிவில் ஒரு வினா தவறினாலே பத்து சதவீதம் குறையும்; அக்குறைவைக் கண்டு அப்பிரிவில் தமக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுசெய்யலாகாது. நிறை மிக்க பிரிவில் பாதிக்குக் குறைந்த சதவீதமே உண்மையான அபாய அறிகுறி.

9. முடிவுரை

ஒரு சான்றிதழ் வேலையை உறுதிசெய்யாது; நேர்முகத்தேர்வுக்கான கதவைத் திறக்கும், அதற்கப்பால் கைத்திறனும் நேர்மையும் பேச்சும் வேண்டும். ஆயினும் தோட்டப்புற இளைஞருக்கு அதில் தனியானதொரு மதிப்பு உண்டு. பிறந்த மாவட்டம், பயின்ற பாடசாலை, உடன் எழுதியோரின் வசதி ஆகிய எவையும் புள்ளிக் கணக்கினுள் நுழையாத பரீட்சைகள் அவர்களுக்கு மிகச் சிலவே வாய்க்கின்றன. கட்டணமும் மொழியும் வசதியும் கோட்டுக்கு வெளியே இன்னும் தடைகளாகவே நிற்கின்றன என்பது உண்மை; அவற்றைத் தனியொருவர் கடப்பது கடினம் என்பதும் உண்மை. ஆனால் கோடு அனைவருக்கும் ஒன்றாக இருப்பதால், அத்தடைகளைச் சேர்ந்து கடப்பதில் எவருக்கும் நட்டமில்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் உயர்தரம் முடித்த நான்கைந்து பேர், ஒரு தகவல் தொழினுட்ப ஆசிரியரின் துணையோடு, பாடசாலைக் கணினி அறையிலோ பொது நூலகத்திலோ வாரம் இருமுறை கூடிப் பயிலத் தொடங்குவதும், முதலில் சித்தியடைபவர் அடுத்த குழுவுக்குக் கற்பிப்பதைக் கடமையாக ஏற்பதும், பழைய மாணவர் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும் ஆண்டுக்கு ஓரிருவரின் கட்டணத்தையேனும் பொறுப்பேற்பதும் உடனடியாகச் செய்யத்தக்கவை. அறிவைப் பகிர்ந்தால் குறையாத பரீட்சை ஒன்று கிடைத்திருக்கும்போது, அதைத் தனித்தனியே எதிர்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.